களை நான்கு இலை விடுவதற்குள்

கடைக்குள் வந்தவர் பேசுவதற்கு முன் தொண்டையை இரண்டு முறை செருமினார். நான் குனிந்து விதைப் பாக்கெட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்காமலே யாரென்று தெரிந்துவிட்டது.

"ஏங்கண்ணு, சோயாக் காட்டுல களைக்கு அடிக்கிற மருந்து இருக்குதா?"

நிமிர்ந்து பார்த்தேன். தலை முழுக்க வெளுத்திருந்தது. தொப்பை வற்றிப்போய்ச் சட்டை தொளதொளவென்று தொங்கியது. ஸ்வெட்டருக்கு மேல் துண்டைச் சுற்றியிருந்தார். கண்ணில் என்னை அடையாளம் கண்ட சாயல் எதுவும் இல்லை. இருக்க நியாயமும் இல்லை. அவர் என்னைக் கடைசியாகப் பார்த்தபோது நான் எட்டாம் வகுப்புப் பாவாடை சட்டையில் இருந்தேன். அன்றும் அவர் என்னைப் பார்த்தாரா என்பது சந்தேகம்தான்.

இங்கே அவரை 'அவர்' என்று எழுதுகிறேன். வருகிறவர்களை எல்லாம் 'ங்க' போட்டுப் பேசிப் பழகிய கடைக்காரி நான். மனதுக்குள் என்றைக்கும் அவன்தான்.

ஏற்காட்டு மலையில், நாகலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் அவர் ரைட்டராக இருந்தார். ஆள் கணக்கு, கூலிக் கணக்கு, பழம் எடை எல்லாம் அவர் கையில். அம்மா அங்கே காப்பிப் பழம் பறித்தாள். அப்பா சேலத்தில் லாரியில் ஓடிக்கொண்டிருந்தார். மாதத்துக்கு ஒருமுறை மலையேறி வந்தால் பெரிது. எங்களுக்கு எஸ்டேட் லைனில், கூலியாட்களுக்கான வரிசை வீடுகளில், ஒரு அறை கொடுத்திருந்தார்கள். நான் பள்ளிக்கூடம் விட்டதும் நேராகப் பழம் எடை போடும் இடத்துக்குப் போய்விடுவேன். அம்மா மூட்டையை இறக்கிய பிறகு இருவரும் விறகு பொறுக்கிக்கொண்டு திரும்புவோம்.

அன்று அம்மா மூட்டையை எடை போட்டுவிட்டுத் திரும்பும்போது அவர் செருமினார்.

"மடியில என்ன?"

"ஒண்ணுமில்லீங்க."

"மொளகு காணாமப் போயிட்டிருக்குது. அவுத்துக் காட்டு."

அம்மா இடுப்பிலிருந்த வெற்றிலைப் பையை எடுத்து நீட்டினாள். அவர் அதைக் கையில் வாங்கவில்லை. தன் குடையைத் திருப்பிப் பிடித்து, அதன் நுனியால் அம்மாவின் மடிச் சேலையைத் தூக்கினார். ஏதோ செத்த எலியைக் குச்சியால் தூக்குவதுபோல. கொசுவம் அவிழ்ந்து சேலை சரிந்தது. அம்மா இரண்டு கையாலும் அள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றாள். வரிசையில் நின்றவர்களில் சிலர் சிரித்தார்கள். சிலர் சில்வர் ஓக் மரங்களைப் பார்த்தார்கள். மிளகு எதுவும் விழவில்லை. விழாததுதான் அவருக்குக் கோபம் என்று நினைக்கிறேன்.

"நாளையிலிருந்து வராத," என்றார்.

வேலை போனதோடு லைன் அறையும் போயிற்று. நாகலூரில் ஒரு ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்தோம். திருடி என்ற பேச்சு எங்களுக்கு முன்னால் பக்கத்து எஸ்டேட்டுகளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அம்மா பஸ் ஏறித் தலைச்சோலை வரைக்கும் வேலைக்குப் போய்வந்தாள். அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாததனால் அவள் மறந்துவிட்டாள் என்று நான் வெகுகாலம் நம்பினேன். நான் மட்டும்தான் மறக்காமல் வைத்திருக்கிறேன் என்று அதில் எனக்கு ஒரு கர்வம்கூட இருந்தது.

நான் வேலை பார்ப்பது ஏற்காட்டில், உரமும் விதையும் மருந்தும் விற்கும் கடையில். மண்வெட்டி, களைக்கொத்து, கிளை வெட்டும் கவாத்துக் கத்தரியும் உண்டு. முதலாளி காலையில் வந்து சாமி படத்துக்குப் பூ வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுவார். பிறகு கடை என் பொறுப்பு. மருந்துக் கம்பெனிகள் நடத்தும் கூட்டங்களுக்கும் என்னைத்தான் அனுப்புவார். அங்கே மதியச் சாப்பாட்டுக்காக வந்தவர்கள் தூங்கும்போது நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அந்த வருடம் மலையில் சிலர் புதிதாகச் சோயா விதைத்திருந்தார்கள். நாமக்கல் கோழித் தீவனத்துக்கு எடுத்துக்கொள்வார்கள் என்று பேச்சு. அதனால் நாங்களும் சோயாவுக்கான களை மருந்தைக் கொஞ்சம் இறக்கி வைத்திருந்தோம். மலையில் வேறு கடையில் அது கிடையாது.

சோயாவில் களை எடுப்பது ராகிக் காட்டில் எடுப்பதுபோல இல்லை. ராகி புல் ஜாதி. அதில் அகன்ற இலைக் களையை மட்டும் கருக்கும் மருந்தை அடித்துவிட்டு வரலாம். சோயாவே அகன்ற இலைச் செடி. ராகி மருந்தைக் கொண்டுபோய் அதில் அடித்தால் களைக்கு முன்னால் சோயா முறுக்கிக்கொண்டு சாகும். சோயாவுக்கென்று இருப்பது வேறு. அந்த மருந்து மேலே பட்டாலும் சோயா அதைத் தனக்குள் செரித்துவிடும். களையால் முடியாது, நுனி வெளுத்து, வளர்ச்சி நின்று, கருகிப்போகும். ஆனால் அதற்கு நேரம் முக்கியம். களை முளைத்து இரண்டிலிருந்து நான்கு இலைக்குள் இருக்க வேண்டும். மண்ணில் ஈரம் இருக்க வேண்டும். அந்தச் சில நாட்களைத் தவறவிட்டால், வளர்ந்த களை மருந்தைக் குடித்துவிட்டு நோயில் கிடந்து எழுந்தவன்போல மறுபடி தளிர்க்கும்.

அவர் செல்போனை எடுத்துப் போட்டோ காட்டினார். மஞ்சக்குட்டையில் அவர் வாங்கிப்போட்டிருந்த காடு. ரிட்டயர் ஆன பிறகு முதல் முறையாகச் சொந்தமாக வெள்ளாமை வைக்கிறாராம். விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். சோயா வரிசைகளுக்கு நடுவே பார்த்தீனியமும், குப்பைக்கீரையும், சேலையில் ஊசி ஊசியாக ஒட்டுமே அந்தச் செடியும் பொடிப்பொடியாக முளைத்திருந்தன. எல்லாம் இரண்டு இலை, மூன்று இலை. மருந்தடிக்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. அடுத்த நாளே அடித்தால் காடு துடைத்து வைத்ததுபோல ஆகிவிடும்.

மருந்து என் முதுகுக்குப் பின்னால் அலமாரியில், இரண்டாவது தட்டில் இருந்தது.

"நொம்ப சின்னக் களைதானுங்க," என்றேன். "ஆனா மருந்து வரலீங்க. அடுத்த வாரம் வந்துருமுங்க."

முன்கூட்டியே யோசித்துச் சொன்னதில்லை. வாய் தானாகச் சொன்னது. சொன்ன பிறகு உடம்பெல்லாம் வெதுவெதுப்பாக ஒரு சுகம் பரவியது. மழைநாளில் அடுப்படியில் போய் உட்கார்ந்ததுபோல.

"சேலத்துல கெடைக்குமா கண்ணு?"

"நேத்துத்தான் போன் பண்ணிக் கேட்டோமுங்க. அங்கயும் இல்லீங்களாம். நீங்க எதுக்குங்க இந்த மழையில மலையெறங்கி அலையறீங்க? களை எங்க போயிரப் போகுது?"

"அதுவும் சரிதான். நல்ல புள்ள," என்றார்.

அவர் போன பிறகு மருந்துப் பாட்டில்களை எடுத்துக் கீழ்த்தட்டில், வேப்பம் புண்ணாக்கு மூட்டைக்குப் பின்னால் வைத்தேன். அந்த வாரம் தலைச்சோலைக்காரர்கள் இருவர் அதே மருந்துக்கு வந்தார்கள். எடுத்துக் கொடுத்தேன். கொஞ்சம்தான் வந்திருக்கிறது, வெளியே சொல்ல வேண்டாம் என்றேன். அவர்கள் ரகசியம் போலத் தலையாட்டினார்கள்.

அந்த வாரம் நல்ல மழை. கடை வாசலில் நின்று மழையைப் பார்க்கும்போதெல்லாம் அவர் காட்டில் களை வளர்வதை நினைத்துக்கொள்வேன். பார்த்தீனியம் இலை விரிப்பதை, வேர் ஆணியாக இறங்குவதை. வளர், வளர் என்று அதற்குச் சொல்லியிருக்கிறேன். எங்கள் வீட்டு ரோஜாச் செடிக்குக்கூட நான் அப்படிச் சொன்னதில்லை.

அடுத்த வாரம் அவர் ஒரு பையோடு வந்தார். உள்ளே பட்டர் பழம். அவர் வீட்டு மரத்துக் காயாம்.

"உனக்குத்தான் சாமி. எம் பொண்ணு மாதிரி இருக்கற. மருந்து வந்துருச்சா?"

"லோடு வரலீங்க. மழையில ரோட்டுல மண்ணு சரிஞ்சிருக்குதுங்களாம்."

அவர் முகம் வாடியது. மறுபடியும் போட்டோ காட்டினார். களை சோயாவின் பாதி உயரத்துக்கு வந்திருந்தது. கெட்டுப்போயிற்று என்று சொல்லும்படி இல்லை. இன்னும் ஓரிரு நாளில் அடித்தால்கூட பாதிக்கு மேல் சாகும். பையை வாங்கி வைத்துக்கொண்டேன். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் ஒவ்வொரு பழமாகக் குரங்குகளுக்கு எறிந்தேன். பெண் மாதிரியாம். அவருக்கு நிஜமாகவே ஒரு பெண் இருந்து, அவள் கண் முன்னால் அவரை யாராவது குடை நுனியால் தொட்டிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே எறிந்தேன்.

மூன்றாவது முறை அவர் வந்தபோது போட்டோவில் சோயாவைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. பார்த்தீனியம் பூ விட்டிருந்தது.

"வந்துருச்சுங்க," என்றேன். "இன்னைக்குக் காலையிலதானுங்க வந்துச்சு. உங்களுக்குன்னு மொதல்ல எடுத்து வச்சுட்டேன்."

அவர் கும்பிடாத குறை. நான் பாட்டிலைத் துடைத்துக் கொடுத்தேன். டேங்கில் பழைய மருந்து வாசனை போகும்வரை சோப்புத் தண்ணீரில் கழுவச் சொன்னேன். விசிறிபோல விரிந்து அடிக்கும் நாசில் ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். காற்று இல்லாத நேரத்தில் அடிக்கச் சொன்னேன். கையுறை போடச் சொன்னேன். மற்றவர்களுக்குச் சொல்வதெல்லாம் அவருக்கும் சொன்னேன், நேரம் தாண்டிவிட்டது என்ற ஒன்றைத் தவிர.

மருந்து பட்ட களை மஞ்சளாகியது. அவர் சந்தோஷமாகப் போட்டோ அனுப்பினார். கடை நம்பருக்கு, கைகூப்பும் படத்தோடு. நான் பதிலுக்கு ஒரு கைகூப்பு அனுப்பினேன். சில நாள் கழித்து மஞ்சளுக்கு அடியிலிருந்து கொத்துக்கொத்தாகப் பச்சை கிளம்பியது. அந்தப் போட்டோவுக்குக் கீழே எந்தப் படமும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே சமையலில் இருந்தேன். வெளியே செருமல் கேட்டது. கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

அம்மா இப்போது எஸ்டேட் வேலைக்குப் போவதில்லை. நாகலூர்ப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு களையெடுக்க, நடவு செய்ய என்று காடு காடாகப் போகிறாள். ஆள் வேண்டுமென்றால் அவளிடம்தான் கேட்க வேண்டும். யாரோ அவருக்கு வீட்டைக் காட்டியிருக்கிறார்கள். யார் வீடென்று தெரியாமலே வந்திருக்கிறார்.

நான் கதவோரம் வந்து நின்றேன். அவர் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அடையாளம் தெரிந்துவிட்டது. அம்மா முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"என்ன வேணுமுங்க?"

"காட்டுல களை... ஆள் வேணும். இங்கதான் கேக்கச் சொன்னாங்க."

"எந்தக் காடுங்க?"

"மஞ்சக்குட்டையில. சோயா. கடைக்கு மருந்து வரவே நாளாயிருச்சுங்க, அடிச்சும் சாகலைங்க."

அவர் வாயிலிருந்து அம்மாவுக்கு 'ங்க' வந்ததை முதல் முறையாகக் கேட்டேன். அப்போதுதான் அவர் என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். திரும்ப என்னைப் பார்த்தார்.

"இது... உங்க பொண்ணுங்களா?"

"ஆமாங்க. மருந்துக் கடையில இருக்குது."

அவர் எதையோ கேட்கப்போனார். நான் அதற்குள் சொன்னேன். எத்தனையோ நாள் வாய்க்குள் வைத்திருந்தது.

"அந்த மருந்த நேரத்துக்கு அடிக்கோணுமுங்க. களை நாலு எல விடறதுக்குள்ள. அப்புறம் அடிச்சா வேலைக்காகாதுங்க."

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். மெதுவாக, நெற்றியிலிருந்து கழுத்துவரை. அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தினால் திருப்பிக் கத்த எல்லாம் தயாராக இருந்தது. அவர் கத்தவில்லை. திட்டாமல் நின்றது எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது.

அம்மா புடைத்த அரிசியைப் பானையில் கொட்டினாள். "ஆள் இருக்குதுங்க. ஆனா அவ்ளோ களைக்குப் பத்தாது. நீங்களும் ஒரு வரிசை புடிச்சீங்கன்னா முடிச்சுக் குடுத்தர்றோம்."

"நானா?"

"உங்க காடுதானுங்களே. எங்ககூட எறங்குங்க. இல்லீன்னா வேற ஆளப் பாத்துக்கங்க."

வேறு ஆள் கிடைக்காது என்பது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். தலையாட்டிவிட்டுப் போனார்.

அம்மா உள்ளே வந்தாள். குழம்பைக் கிளறிவிட்டு, "உப்புக் கொஞ்சம் கம்மி," என்றாள்.

அடுத்த வாரம் எனக்கு ஒரு நாள் லீவு கிடைத்தது. பெண்களோடு ஜீப்பில் தொற்றிக்கொண்டு மஞ்சக்குட்டைக்குப் போனேன். பார்க்கத்தான் போனேன். பனி இன்னும் காட்டை விட்டு விலகவில்லை. பெண்கள் வரிசை பிடித்துக் குனிந்தார்கள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓரத்து வரிசையில் இறங்கினார். பார்த்தீனியம் அவர் முழங்காலைத் தாண்டியிருந்தது. ஒவ்வொரு செடிக்கும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். வேர் வராமல் தண்டு மட்டும் கையோடு அறுந்து வந்தது. கை முழுக்கப் பச்சை. கழுத்தில் தடித்துத் தடித்து அரிப்பு.

அம்மா தன் வரிசையை முடித்துவிட்டு அவர் பின்னால் வந்தாள்.

"ஏனுங்க, இங்க வேர் நிக்குது பாருங்க. இதெல்லாம் திரும்பத் தளுத்துக்கும். திரும்பி வந்து புடுங்குங்க."

அவர் திரும்பிப் போய்ப் பிடுங்கினார்.

"அதையும்ங்க. சோயாவை மிதிக்கறீங்க, காலை எடுங்க."

காலை எடுத்தார். பெண்கள் தலைகுனிந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் ஒவ்வொன்றையும் கண்ணுக்குள் வாங்கிக்கொண்டிருந்தேன்: அவர் மூச்சிரைப்பதை, உள்ளங்கையை ஊதிக்கொள்வதை, நிமிரும்போது முதுகைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் வானத்தைப் பார்ப்பதை. அதோடு இன்னொன்றையும் பார்க்க வேண்டியிருந்தது. அம்மாவும் அதே களைக்குத்தான் குனிந்துகொண்டிருந்தாள். நான் வளர், வளர் என்று சொன்ன களை. வாரக் கடைசியில் அவள் விரல் கணுக்கள் வீங்கியிருந்தன. ஒவ்வொரு விரலாகத் தைலம் தேய்த்துவிட்டேன். ஆனாலும் அந்தக் களை மருந்தை முதல் நாளே எடுத்துக் கொடுத்திருக்கலாம் என்று தோன்றவில்லை. இன்றைக்கும் தோன்றவில்லை.

டீ நேரத்தில் அவர் தன் டம்ளரோடு அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். செருமவில்லை.

"அன்னைக்கு எஸ்டேட்டுல..." என்று ஆரம்பித்தார். "நான் அப்பிடிப் பண்ணியிருக்கக் கூடாதுங்க. மேலருந்து நொம்ப..."

"டீ ஆறுதுங்க," என்றாள் அம்மா.

"இல்லீங்க, நான் சொல்ல வந்தது..."

"ஆறுதுன்னு சொன்னேனுங்க. குடிச்சுட்டு வாங்க. இன்னும் மேக்கால பாதி கெடக்குது."

டம்ளரைக் கவிழ்த்து உதறிவிட்டு எழுந்து போனாள். அவர் பாதி வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். நான் அவரிடம் எடுத்துக்கொண்டது ஒரு வெள்ளாமையில் பாதி. மன்னிப்புக் கேட்டுத் தீர்த்துக்கொள்ளும் வழியையே அம்மா எடுத்துக்கொண்டாள். அன்றுதான் எனக்கு என் கர்வம் போயிற்று. இத்தனை வருடம் எங்கள் வீட்டில் மறக்காமல் இருந்தது நான் ஒருத்தி இல்லை. அவளுக்கு முன்னால் நான் கற்றுக்குட்டி.

திரும்பும்போது ஜீப்பில் அவள் தோளில் சாய்ந்துகொண்டு கேட்டேன்.

"சொல்லட்டும்னு விட்டிருக்கலாமில்ல?"

"சொல்லிட்டா அவனுக்குத் தூக்கம் வந்துரும் கண்ணு," என்றாள். கொஞ்ச தூரம் போன பிறகு, வெளியே பார்த்துக்கொண்டே, "மருந்து நெசமாவே வரலியா?" என்று கேட்டாள்.

"வந்துச்சு."

அவள் சத்தமில்லாமல் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "வர்ற வருசமும் வரலைன்னே சொல்லு," என்றாள்.

அந்த அறுவடையில் அவருக்குப் பாதிகூட வீடு வந்து சேரவில்லை என்று பெண்கள் சொன்னார்கள். களையின் நிழலில் கிடந்த சோயாவில் காய் பிடிக்கவில்லையாம். காட்டை விற்றுவிடுவார் என்று நினைத்தேன். விற்கவில்லை. இந்த வருடமும் மழை விழுந்ததும் சோயாதான் விதைத்திருக்கிறார்.

போன வாரம் கடைக்கு வந்தார். இந்த முறை மருந்து கீழே மறைவில் இல்லை. முதலாளி அடுக்கிவைத்த இடத்திலேயே, கண்ணெதிரே, வரிசையாக நின்றது. அவர் அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கேட்டால் என்ன சொல்வது என்று நான் முடிவு செய்திருக்கவில்லை. அவர் கேட்கவில்லை.

"ஒரு களைக்கொத்து வேணுமுங்க," என்றார். என்னையும் இப்போது 'ங்க' போட்டுத்தான் பேசுகிறார். உள்ளங்கையைத் தடவிக்கொண்டார். "பிடி கொஞ்சம் வழவழன்னு இருக்கறதாப் பாத்துக் குடுங்க. போன வருசம் கையெல்லாம் கிழிஞ்சுபோச்சு. அம்மாகிட்ட ஆளுக்குச் சொல்லி வைக்கச் சொல்லுங்க."

"சொல்றேனுங்க."

களைக்கொத்துகள் மூலையில் கட்டாகச் சாய்ந்திருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துப் பிடியைத் தடவிப் பார்த்தேன். இரண்டு நல்ல வழவழப்பு. ஒன்று சுமார். ஒன்றில் கட்டை சரியாக இழைக்கப்படாமல் சிராய் சிராயாக நின்றது. அதை எடுத்தேன். பிடி முழுக்கப் பேப்பர் சுற்றி, நூலால் இறுக்கிக் கட்டி, இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்தேன்.